கடல் கடத்தியும் தீராத குற்றம்



பலர் கூடிய இடத்தில் பேசத் தயங்கும் ஒரு பொருளை இன்று எடுத்துக்கொள்கிறேன். பாலியல் குற்றம் புரிந்தவர்களிடையே நடைபெறும் சமூகப் பணி, அக்குற்றத்தால் விளையும் கேடு ஆகியவையே அப்பொருள். "குற்றவாளிக்குத் தேவை தண்டனை, அவனிடம் போய்ப் பணி செய்வானேன்?" என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. தண்டனை வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமிருக்க முடியாது. ஆயினும் தண்டனைக் காலம் முடிந்த மறுநாள் அவன் எங்கே போகிறான்? யாருடைய வீட்டுக்கு அருகில் குடியிருக்கிறான்? அவன் மீண்டும் ஒருவரைத் துன்புறுத்தாதிருக்க என்ன ஏற்பாடு உண்டு? இக்கேள்விகளுக்குத் தண்டனை மட்டும் விடை சொல்வதில்லை.

இதனை எண்ணிப் பார்க்க அந்தமான் தீவுகளைவிடத் தக்க இடம் வேறில்லை. தமிழ்மக்களுக்கு அந்தமான் அயலிடமும் அன்று. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவர்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். பிழைப்பை நாடிச் சொந்த ஊரை விட்டுச் சென்ற தமிழர் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், அத்தீவுகளின் வரலாறு அவர்களுக்குச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு.

குற்றவாளியைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டால் ஊர் தூய்மையாகிவிடும் என்று ஒரு காலத்தில் அரசு நம்பிற்று. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடுத்து, 1858 மார்ச்சில் போர்ட் பிளேயரில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கப்பட்டது. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றிருப்பது அந்நகரமே. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் வன்புணர்ச்சிக் குற்றத்துக்கு ஆயுட்கால நாடுகடத்தல், அல்லது பத்தாண்டு வரை சிறை என்று விதித்தது. அந்தமானுக்கு வந்த கைதிகளில் பெரும்பாலோர் கொலை, கொள்ளை முதலிய குற்றங்களுக்காக வந்தவர்கள். நாட்டு விடுதலைக்காகப் போராடியவர்களும் அங்கே அடைக்கப்பட்டனர் என்பதை நாம் அறிவோம். 1906இல் கட்டி முடிந்த செல்லுலர் சிறை அதற்குச் சான்றாக இன்றும் நிற்கிறது. பாலியல் குற்றத்துக்கும் சட்டப் புத்தகம் காட்டிய வழி அதே கடல்வழிதான். நாடுகடத்தல் என்னும் சொல் அப்புத்தகத்திலிருந்து நீங்கி, ஆயுட்சிறை என்னும் சொல் இடம்பெற்றது 1956 ஜனவரியில்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரும் பிழை இருந்தது. அனுப்பியவர்களின் கண்ணுக்கு மறைவான அந்த இடமும் ஒருவருடைய ஊர் என்பதை அவர்கள் எண்ணவில்லை. அத்தீவுகளில் அந்தமானியப் பழங்குடியினர் வாழ்ந்து வந்தனர்.

1863 ஜனவரியில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அங்கே காவலில் இருந்த கடற்படைப் பிரிவைச் சேர்ந்த பிராட் என்னும் வெள்ளைக்காரரைப் பழங்குடியினர் கொன்றுவிட்டனர். காரணமின்றிச் செய்த கொலை என்று உடனிருந்தோர் கூறினர். பழங்குடியினர் இருவர் பிடிபட்டு விலங்கிடப்பட்டனர். அவர்களுடைய உண்மைப் பெயர்களைக்கூட எவரும் கேட்கவில்லை. ஜம்போ என்றும் ஸ்நோபால் என்றும் வெள்ளையர் தங்கள் விருப்பம்போல் பெயரிட்டு அழைத்தனர். அவர்கள் மொழியை அறிந்தவர் அங்கே எவருமில்லை. ஆகவே அவர்கள் தரப்பு கேட்கப்படவுமில்லை. உண்மை பின்னரே வெளிப்பட்டது. கொலையுண்டவர் பழங்குடிப் பெண் ஒருத்தியை வன்புணர முயன்றிருக்கிறார். அதனால் மூண்டதே அக்கொலை.

ஆராயாது அளித்த தீர்ப்பு என்னவாகும் என்பதைக் கோவலன் கதை வாயிலாக அறிந்தவர்கள் நாம். மதுரையிலாவது கண்ணகி அரசவையில் புகுந்து தன் வழக்கைத் தன் மொழியில் உரைக்க முடிந்தது. அந்தமானில் அப்பெண்ணுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவளுக்கு நேர்ந்த கொடுமை ஆண்களைப் பற்றிய ஒரு கொலை வழக்கின் அடிக்குறிப்பாகவே எஞ்சியது.

அதே ஆண்டில் ராஸ் தீவில் பழங்குடியினருக்காக 'அந்தமான் இல்லம்' ஒன்று ஏற்பட்டது. அவர்களைப் பழக்கப்படுத்துவதும் காப்பதும் அதன் நோக்கம் என்று சொல்லப்பட்டது. பின்னர் இத்தகைய இல்லங்கள் பெருகின. அவற்றில் மேற்பார்வைக்கு அமர்த்தப்பட்டவர்களுள் கைதிகளும் இருந்தனர். காக்க வேண்டியவர்களே பெண்களைத் தம் இச்சைக்கு ஆளாக்கினர். 1876இல் கிரந்தி என்னும் மேகநோய் பழங்குடியினரிடையே பரவியிருப்பது தெரியவந்தது. மறு ஆண்டில் தட்டம்மையும் வந்து சேர்ந்தது. ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். இவ்வழிவுக்குக் காரணங்கள் பல உண்டு. பாலியல் கொடுமையும் அதனால் வந்த நோயும் அவற்றுள் ஒன்று என்பதை அக்காலத்து அதிகாரிகளே எழுதிவைத்துள்ளனர்.

கைதிகளின் குடியேற்றத்திலும் நிலைமை நன்றாயில்லை. ஆண்கள் பல்லாயிரவர், பெண்களோ மிகச் சிலர். 1919–20இல் ஆராய்ந்த இந்தியச் சிறைக் குழு, அந்தமானுக்குக் கைதிகளை அனுப்பும் முறையையே கைவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அங்கு நிலவிய ஒழுக்கச் சீர்கேடும் அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. இறுதியில் 1945இல் தண்டனைக் குடியேற்றம் முடிவுக்கு வந்தது.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு பாடங்கள் தெளியலாம். துன்புற்றவரின் சொல்லை, அவருக்குத் தெரிந்த மொழியில், முதலில் கேட்க வேண்டும் என்பது ஒன்று. குற்றவாளியைக் கண்காணாத இடத்துக்கு அனுப்புவதால் குற்றம் தீர்வதில்லை. அது வேறோர் எளியவரின் வாயிலில் போய் நிற்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் இக்காலத்து வாழ்வில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் துன்புற்றவரின் நிலை. பாலியல் குற்றவாளி என்றதும் இருட்டில் பதுங்கியிருக்கும் முன்பின் அறியாத ஒருவனையே நாம் நினைக்கிறோம். உண்மை வேறு. தேசியக் குற்றப் பதிவகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் 31,000க்கு மேற்பட்ட வன்புணர்ச்சி வழக்குகள் பதிவாயின. ஆண்டுதோறும் வெளிவரும் இக்கணக்குகளில், பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் துன்புற்றவருக்கு முன்பே அறிமுகமானவர். உறவினர், அண்டை வீட்டார், வேலை கொடுப்பவர், நண்பர் என்று பட்டியல் நீளும். 2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வு ஒன்று 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை உசாவிற்று. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருந்தனர். ஆண் குழந்தைகளும் இதில் குறைவில்லை.

அறிமுகமானவன் செய்யும் கொடுமையால் விளையும் தீங்கு இருமடங்கு. உடலுக்கு நேரும் துன்பம் ஒருபுறம். நம்பிக்கை முறிவது மறுபுறம். குழந்தை தூக்கமிழக்கிறது; படிப்பில் பின்தங்குகிறது; சிலரைக் கண்டால் ஒதுங்குகிறது; காரணமின்றி வயிற்று வலி, தலைவலி என்கிறது. தன்மீதே குற்றம் இருப்பதாக எண்ணுகிறது. பல ஆண்டுகள் கழித்தே வாய் திறப்போரும் உண்டு. அவ்வாறு காலம் கடந்து சொல்வதைப் பொய்க்கு அடையாளமாகக் கொள்வது பெரும் தவறு.

நம் பேச்சுவழக்கிலும் ஒரு பிழை உண்டு. 'கற்பழிப்பு' என்னும் சொல் நெடுங்காலம் செய்தித்தாள்களில் வழங்கிற்று. செய்தவனின் கொடுமையை அச்சொல் சொல்வதில்லை. துன்புற்றவள் எதையோ இழந்துவிட்டாள் என்றே சொல்கிறது. ஒருவன் கத்தியால் குத்தினால் குத்துப்பட்டவரின் மானம் போயிற்று என்று நாம் கூறுவதுண்டா? 'பாலியல் வன்கொடுமை', 'வன்புணர்ச்சி' என்னும் சொற்கள் இப்போது அவ்விடத்துக்கு வந்திருப்பது நல்ல மாற்றம்.

சொந்த ஊரை விட்டு வாழும் தமிழரிடையே இத்துன்பம் இன்னும் ஆழமாகப் புதைகிறது. சிறிய குடியிருப்பு, ஒரே ஊர்க்காரர்கள், ஒருவர் கைமாற்றுக் கொடுத்தால்தான் மற்றவர் வாழலாம் என்னும் நிலை. ஓர் அறையே வீடாக இருக்கும்; ஊரிலிருந்து வந்த இளைஞர்கள் வேலை கிடைக்கும்வரை அதிலேயே தங்குவர். பாட்டியோ அத்தையோ அருகில் இல்லை. காவல் நிலையத்தில் பேசும் மொழி வேறு. "நம்மவனைக் காட்டிக்கொடுக்கலாமா? வெளியார் என்ன நினைப்பார்கள்?" என்று சங்கத்துப் பெரியவர்கள் கேட்கும்போது பெற்றோர் வாயடைத்துப் போகின்றனர். குற்றம் செய்தவனைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டால் போதும் என்று முடிவாகிறது. பழைய நாடுகடத்தலை நாமே சிறிய அளவில் செய்கிறோம். இம்முறை அவன் போய் இறங்கும் இடம் நம் சொந்த ஊர். அங்கே எச்சரிக்கை இல்லாத குழந்தைகள் இருக்கின்றனர்.

சமாதானம் பேசுவதும் மணமுடித்து வைப்பதும் தீர்வாகா. 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், வன்புணர்ச்சி வழக்கொன்றில் தண்டனை பெற்றவருக்கு ஜாமீன் அளித்து, சமரசம் பேச அனுப்பிய ஆணை ஒன்று பிறந்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே அது திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் இத்தகைய வழக்குகளில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று உறுதியாகக் கூறிற்று. குழந்தைகள்மேல் நிகழும் குற்றத்துக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் உள்ளது. அதன்படி குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், மறைப்பது குற்றம்.

துன்புற்றவருக்குத் துணைநிற்கும் வழிகளை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனே இலவசமாகச் சிகிச்சை அளிக்கக் கடமைப்பட்டுள்ளது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அதற்குப் பிடித்த இடத்திலோ பதிவு செய்யலாம். காவல் அதிகாரி சீருடையில் இருத்தல் கூடாது. மொழிபெயர்ப்பாளரின் உதவியைப் பெறவும் சட்டம் இடமளிக்கிறது. தமிழ் மட்டுமே பேசும் குழந்தையின் சொல் தமிழிலேயே கேட்கப்பட வேண்டும் என்று பெற்றோர் வற்புறுத்திக் கேட்கலாம். வழக்கு முடியும்வரை உடனிருக்க ஒரு துணையாளரைக் குழந்தைகள் நலக் குழு அமர்த்தலாம். சட்டப்பணி ஆணையத்தின் வாயிலாக இழப்பீடும் உண்டு. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்னும் தொலைபேசி எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வைப்பது நலம். 1863இல் அப்பெண்ணுக்குக் கிடைக்காத செவி இன்று கிடைப்பதற்கு வழி உண்டு. அவ்வழியை அடைக்காதிருப்பதே நம் முதற் கடமை.

இனிக் குற்றவாளியிடம் வருவோம். சமூகப் பணியாளர் சிறைக்குள் அவனைச் சந்திக்கும்போது என்ன நடைபெறுகிறது? பெரும்பாலும் முதலில் வருவது மறுப்பு. "அவளுக்கும் சம்மதம்தான்" என்பான். "குடிபோதையில் நடந்துவிட்டது" என்பான். "என்னைச் சிக்கவைத்துவிட்டார்கள்" என்பான். தேர்ந்த பணியாளர் அவனோடு வாதிடுவதில்லை. அவன் சொல்வதை ஒப்புக்கொள்வதுமில்லை. குற்றத்துக்கு முந்திய நாட்களையும் மணிநேரங்களையும் ஒவ்வொன்றாக அவனைக் கொண்டே சொல்லவைக்கிறார். யார் வீட்டில் இல்லை என்பதை எப்போது கவனித்தான்? ஏன் அந்த வழியாகப் போனான்? குழந்தைக்கு ஏன் மிட்டாய் வாங்கினான்? இவ்வாறு கேட்கக் கேட்க, தற்செயல் என்று அவன் சொன்னது அவனே எடுத்த பல சிறு முடிவுகளின் தொடர் என்பது வெளிப்படுகிறது. முடிவெடுத்தவன் தானே என்று உணரும்போதுதான், அடுத்த முறை வேறு முடிவெடுக்கலாம் என்பதும் அவனுக்கு விளங்கும்.

குற்றவாளிகள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். குழந்தைகள்மேல் நாட்டமுடையவர் சிலர். பெண்ணை அடக்கியாள்வதே ஆண்மை என்று வளர்ந்தவர் சிலர். சினத்தைத் தீர்த்துக்கொள்பவர் சிலர். மதுவும் தனிமையும் வேலையின்மையும் தடைகளைத் தளர்த்தலாம். அவை குற்றத்துக்கு மன்னிப்பாகா. மீண்டும் குற்றம் செய்யும் அபாயம் யாருக்கு மிகுதி என்று கணித்து, அவர்களிடமே மிகுந்த முயற்சி செலுத்த வேண்டும் என்பது இத்துறை கண்ட முறை. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் தனி வகை. தக்க காலத்தில் வழிகாட்டினால் அவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தபின் அக்குற்றத்துக்குத் திரும்புவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

இப்பணி எப்போதும் வெற்றி பெறுகிறதா? நேர்மையாகச் சொல்வதானால், இல்லை. இங்கிலாந்துச் சிறைகளில் பல ஆண்டுகள் நடைபெற்ற பயிற்சித் திட்டம் ஒன்றை 2017இல் ஆராய்ந்தனர். அதில் பங்கு பெற்றோரே, பங்கு பெறாதோரைவிடச் சற்று மிகுதியாக மீண்டும் குற்றம் செய்திருந்தனர். நூற்றுக்குப் பத்து, எட்டு என்பது அக்கணக்கு. அத்திட்டம் கைவிடப்பட்டது. நல்ல எண்ணம் மட்டும் போதாது, விளைவை அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இது சான்று. ஆயினும் "இவர்கள் ஒருபோதும் மாறார்" என்னும் கூற்றும் சரியன்று. 1998இல் கனடா ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 23,000க்கு மேற்பட்ட பாலியல் குற்றவாளிகளின் பிற்கால வாழ்வைப் பார்த்தனர். நான்கைந்து ஆண்டுகளுக்குள் அதே வகைக் குற்றத்தில் மீண்டும் அகப்பட்டவர் நூற்றுக்கு 13 பேர். அகப்படாதவரும் இருப்பர் என்பதை மறத்தல் ஆகாது. ஆதலின் விழிப்பு வேண்டும். எல்லாரும் திரும்பச் செய்வதில்லை என்பதும் உண்மை. ஆதலின் முயற்சியும் வேண்டும்.

அதே கனடாவில், ஆண்டேரியோ மாகாணத்து ஹாமில்டன் நகரில், 1994இல் ஒரு புதிய முறை தோன்றிற்று. குழந்தைகள்மேல் பலமுறை குற்றம் செய்த ஒருவர் தண்டனை முடிந்து வெளிவந்தார். ஊரார் அஞ்சினர், எங்கு போனாலும் துரத்தினர். உள்ளூர்க் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த சிலர் அவரைச் சுற்றி ஒரு வட்டமாக அமைந்தனர். நாள்தோறும் ஒருவர் சந்தித்தார். தங்குமிடம் தேடித் தந்தார். தடுமாறும் குறி தெரிந்தால் முகத்துக்கு நேரே கேட்டார். துணையும் கணக்குக் கேட்பதும் ஒன்றாக நடந்தன. இனி ஒருவரும் துன்புறக் கூடாது என்பதே அவ்வட்டத்தின் முதல் நோக்கம். அம்முறை பின்னர்ப் பிற நாடுகளுக்கும் பரவிற்று. அத்தகைய வட்டத்தில் இருந்தோர் மீண்டும் குற்றம் செய்வது குறைந்ததாக ஆய்வுகள் தெரிவித்தன.

நம் நாட்டில் 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் உண்டு. ஆயுட்தண்டனைக்குரிய குற்றங்களுக்கு அது பொருந்தாது. ஆகவே வன்புணர்ச்சிக் குற்றவாளியிடம் செய்யும் பணி சிறைக்குள்ளும், விடுதலைக்குப் பின்னருமே நடைபெற வேண்டும். டாடா சமூக அறிவியல் நிலையம் 1990இல் மும்பையில் தொடங்கிய 'பிரயாஸ்' போன்ற அமைப்புகள், சிறைக்குள் சமூகப் பணியாளர் சென்று பணி செய்யலாம் என்பதைக் காட்டியுள்ளன. சென்னையில் 2004இல் தோன்றிய 'துளிர்', குழந்தைகளைக் காக்கும் கல்வியிலும், துன்புற்றோர் நலம்பெறுவதிலும் ஈடுபட்டுள்ளது. 2018இல் பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு ஏற்பட்டது. காவல் துறையினர் மட்டுமே அதனைப் பார்க்க இயலும். பதிவேடு ஒருவனைக் கண்காணிக்க உதவும், திருத்தாது. திருத்தும் பணிக்கு மனிதர் வேண்டும். அவனுடைய மொழியில் பேசத் தெரிந்த மனிதர் வேண்டும்.

தமிழ்ச் சங்கங்கள் இதில் என்ன செய்யலாம்? ஆண்டு விழாவில் நாடகத்துக்கும் இசைக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணியைப் பெற்றோருக்கான விளக்க உரைக்கு ஒதுக்கலாம். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் மொழிபெயர்த்து உதவத்தக்க பெண்கள் இருவரையேனும் பயிற்றி வைக்கலாம். குற்றவாளியின் மனைவி மக்களை ஒதுக்காதிருக்கலாம். அவர்கள் செய்த பிழை ஒன்றுமில்லை. தண்டனை முடிந்து ஒருவன் திரும்பி வந்தால், அவனைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் தங்கவைக்காமல் வேறிடம் பார்த்துத் தரலாம். வேலைக்கு வழி செய்யலாம். அவன் போக்குவரவைப் பெரியவர் சிலர் வெளிப்படையாகக் கேட்டறியலாம். இவை அனைத்தும் துன்புற்றவரின் விருப்பத்தையும் பாதுகாப்பையும் முன்வைத்தே நடைபெற வேண்டும். அவரை மன்னிக்கச் சொல்லும் உரிமை நமக்கில்லை. அவர் இருக்கும் தெருவுக்கே அவனைத் திரும்ப அழைத்துவரும் உரிமையும் நமக்கில்லை.

காட்டோரங்களில் வாழும் அந்தமான் தமிழருக்கு ஒரு சொல். பழங்குடியினரைக் காக்கும் ஒழுங்குவிதி 1956இல் பிறந்தது. 2012இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. ஜாரவா மக்களின் எல்லைக்குள் புகுவது சட்டத்துக்கு மாறு. ஒரு பொட்டலம் புகையிலையோ ஒரு புட்டி மதுவோ கொடுத்து நெருங்குபவன் நம்மவனாயினும், அவனை மறைக்காது சொல்லிவிட வேண்டும். அந்தமான் இல்லங்களில் நடந்தது இன்னொரு முறை நடக்கலாகாது.

கடல் ஒருகாலத்தில் மதிலாகக் கருதப்பட்டது. அம்மதிலுக்குப் பின்னே தள்ளிய குற்றம் அழியவில்லை என்பதை அத்தீவுகள் கண்டன. நம் குடியிருப்பில் ஒரு குழந்தை தயங்கித் தயங்கி ஒரு சொல் சொல்லுமானால், கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு அதைக் கேட்போம். சொன்னது உன் தவறன்று என்று முதலில் சொல்வோம். பிறகு செய்ய வேண்டியவற்றைச் சட்டத்தின் வழியே செய்வோம்.